சாயங்கால ஆஜர்

ஔந்த்

நம்பியாரும் பி.எஸ். வீரப்பாவும் ஆர்.எஸ். மனோகரும் ஒரே படத்தில் திருந்திவிடுவார்கள் என்பதை எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸ் கடைசிவரை நம்பவில்லை. ‘பல்லாண்டு வாழ்க’ 1975-இல் வந்த படம். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கிராமத்துக்கு வந்து சேர மூன்று வருஷம் ஆயிற்று. ஜெயில் அதிகாரி எம்.ஜி.ஆர்., ஆறு கொலைக் கைதிகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தரிசு நிலத்தில் குடிவைத்து வெள்ளாமை செய்ய வைப்பார். சுவர் கிடையாது, துப்பாக்கி கிடையாது. எனக்குப் பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த பெரியவர், “இவனுகளாவது திருந்தவாவது! ராத்திரி வாத்தியார் கழுத்துல கத்திய வைக்காமப் போவானுகளா பாரு” என்று படம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். வாத்தியார் பிழைத்துக்கொண்டதில் அவருக்கும் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது, “சினிமாங்கறதால விட்டானுக” என்றார்.

சினிமா மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. வி. சாந்தாராம் 1957-இல் எடுத்த ‘தோ ஆங்கே பாரா ஹாத்’தின் தமிழ் வடிவம்தான் அது. சாந்தாராமுக்குக் கதை எழுதிய மராத்திக் கவிஞர் க.தி. மாட்கூல்கர், மகாராஷ்டிரத்தின் ஆட்பாடி தாலுகாக்காரர். அந்தத் தாலுகாவில் 1939 வாக்கில் ஒரு குட்டி சமஸ்தானம் நிஜமாகவே சுவரில்லாத சிறையை நடத்தியது. அந்தச் சிறை இன்றைக்கும் இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனசுக்குள் ஒரு அரிப்பு. இந்தத் தையில் கிளம்பிவிட்டேன்.

அந்த சமஸ்தானத்தின் தலைநகர் ஔந்த். சாத்தாரா மாவட்டத்தில், ஒரு மலையும் மலைமேல் யமாய் தேவி கோயிலுமாக இருக்கிற சின்ன ஊர். படியேறிப் போனால் பாதி வழியில் ராஜா கட்டிய அருங்காட்சியகம். ரவிவர்மா ஓவியங்கள் இருக்கின்றன. இந்தப் பட்டிக்காட்டில் ஹென்றி மூர் செதுக்கிய தாயும் சேயும் சிலை ஒன்று எப்படி வந்தது என்று வியந்து நின்றேன். ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதிக்கு ஓவியப் பித்து உண்டு, அவரே வரைவார். சூரிய நமஸ்காரத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் பரப்பியவரும் அவர்தான். காந்தியின் யோசனையைக் கேட்டு, 1939-இல் தன் அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு எழுதிக் கொடுத்தவர்.

அந்த எழுத்து வேலையில் கூடவே இருந்தவர் மாரிஸ் ஃப்ரீட்மன். இவரை நம் ஆட்களில் சிலருக்குத் தெரியும். போலந்து யூதர், எஞ்சினியர், பெங்களூரில் மின்சாதனத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், அங்கிருந்து திருவண்ணாமலைக்கு வந்து ரமணர் முன்னால் உட்கார்ந்து சளைக்காமல் கேள்வி கேட்டவர். கைதிகளை வெட்டவெளியில் குடிவைக்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான் என்கிறார்கள். ராஜா நிலம் கொடுத்தார். ‘நான் யார்’ என்ற கேள்வியைத் திருவண்ணாமலையில் கேட்டுவிட்டு வந்த மனிதர், கொலைகாரன் என்று பேரெடுத்தவனைப் பார்த்ததும் அவன் யார் என்று யோசித்திருப்பாரோ என்னவோ. இது என் கற்பனை. கோயில் படியில் உட்கார்ந்து நிலக்கடலை கொறிக்கும்போது தோன்றியது.

ஆட்பாடி

ஔந்திலிருந்து கிழக்கே போகப்போக நிலம் வறண்டுகொண்டே வருகிறது. மழை மேற்கு மலையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிற பூமி. வேலாமரம், ஆட்டுக்கிடை, தோளில் கம்பளியும் கையில் கோலுமாகத் தங்கர் சாதி மேய்ப்பர்கள். எங்கள் கரிசலைக் கொஞ்சம் மேடு பள்ளமாக்கினால் இப்படித்தான் இருக்கும். இடையிடையே பச்சையாகத் தெரிவது மாதுளைத் தோட்டம். மாணகங்கை ஆற்றில் மணல்தான் ஓடுகிறது.

மத்தியானச் சாப்பாடு ஒரு வீட்டுத் திண்ணை ஓட்டலில். சோள பாக்ரி, கடலைமாவில் கிண்டிய பிட்லா, இடித்த பச்சைமிளகாய் டேச்சா, பச்சை வெங்காயம். பாக்ரியைக் கையாலேயே தட்டித் தட்டி அகலமாக்கிய அம்மாளின் வளையல் சத்தம் எங்கள் ஆத்தாவை ஞாபகப்படுத்தியது. எங்கள் வீட்டில் சோளம் போய் ரேஷன் அரிசி வந்து நாற்பது வருஷமாகிவிட்டது. இங்கே சோளம் இன்னும் போகவில்லை.

அந்தச் சுவரில்லாத சிறை இருக்கும் ஸ்வதந்த்ரபூருக்கு வழி கேட்டேன். “கைதிகள் காலனியா?” என்று அந்த அம்மாள் கேட்ட தொனி, பால் சொசைட்டியா என்று கேட்பதுபோல இருந்தது. பயமில்லையா என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு புரிந்து சிரித்தார். காய்கறி அங்கிருந்து வரும், விலை நியாயமாக இருக்கும் என்றார்.

போய்ப் பார்த்தால், ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம், பார்க்க ஒன்றுமே இல்லை. வயல், சின்னச் சின்ன வீடுகள், மரத்தடியில் ஒரு சைக்கிள், கொடியில் காயும் சேலை. மகாராஷ்டிரத்தின் பெரிய சிறைகளில் தண்டனையில் ஒரு பகுதியைக் கழித்து, நன்னடத்தை என்று பேர் வாங்கியவர்களில் கொஞ்சம் பேர் இங்கே வருகிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கலாம். மடை திருப்பிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தார். கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார். தண்ணீர் வரப்பை உடைத்துவிடும் என்பதால் மறுபடி குனிந்துவிட்டார். அவருக்கு அன்றைக்கு என்னைவிட அந்த மடை முக்கியம். ஜெயிலில் நேரம் போகவில்லை என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இவருக்கு நேரம் போதவில்லை.

சினிமாவில் ஜெயில் அதிகாரியின் இரண்டு கண்கள் கைதிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கண்களுக்குப் பயந்துதான் ஆறு பேரும் தப்பி ஓடாமல் இருப்பார்கள். ஸ்வதந்த்ரபூர் வரப்பில் நின்றபோது அந்த இடத்தில் சாந்தாராம் தடுக்கிவிட்டார் என்று தோன்றியது. மடை பார்க்கிறவனுக்குக் கண் எதற்கு? ஓடிப்போனால் பயிர் காய்ந்துபோகும்.

ஜெய்ப்பூர்

ஆட்பாடியில் கொஞ்சம் பேர்தான். அதே காரியத்தை நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் செய்கிற இடம் ராஜஸ்தானில் இருக்கிறது. இந்தியாவின் திறந்தவெளிச் சிறைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அந்த ஒரு மாநிலத்தில்தான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரியது ஜெய்ப்பூரை ஒட்டிய சாங்கானேரில்.

ஜெய்ப்பூரில் நான் இறங்கிய காலை, பல் கிட்டிக்கொள்ளும் குளிர். கடையநல்லூர்க்காரர் ஒருவர் அங்கே இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார்; சாங்கானேர் அச்சுத்துணி வாங்கித் தெற்கே அனுப்புகிற வியாபாரம். ஸ்டேஷனிலிருந்து நேராக வெங்காயக் கச்சோரிக் கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளங்கை அகலம், கொதிக்கிற எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தது. “மேலோட்டை ஒடச்சு ஆவியைப் போகவிட்டுத் தின்னுங்க அண்ணாச்சி. மொத நாளு நான் நாக்கைப் பொத்துக்கிட்டேன்” என்றார். நானும் பொத்துக்கொண்டேன்.

காட் கேட் பக்கம் போகும்போது ஜெய்ப்பூர் மத்தியச் சிறையின் சுவரைக் காட்டினார். உயரமான, மஞ்சளடித்த, எந்த ஊரிலும் இருக்கிற ஜெயில் சுவர். மதராஸ் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே நின்ற பழைய மத்தியச் சிறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ தடவை பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். 2006-இல் புழலுக்கு மாற்றினார்கள், 2009-இல் கட்டடத்தை இடித்தார்கள். இடிப்பதற்குமுன் ஜனங்களைச் சுற்றிப்பார்க்க விட்டபோது கூட்டம் அம்மிற்று. ஊருக்கு நடுவில் நூற்றைம்பது வருஷத்துக்குமேல் நின்ற கட்டடத்துக்குள் என்ன நடந்தது என்று அது காலியான பிறகுதான் பார்க்கப் போனோம்.

“சாங்கானேர்ல கைதியைப் பாக்க ஜெயிலுக்குப் போவணும்னே இல்ல” என்றார் நண்பர். “நம்ம கொடவுன் வாச்மேனே கைதிதான்.”

சாங்கானேர்

சாங்கானேரில் முதலில் மூக்குக்குத் தெரிவது சாயம். வெள்ளைத் துணியில் பொடிப்பொடிப் பூ அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறவர்கள், கழிவை ஆற்றில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். திருப்பூரைப் பார்த்தவனுக்கு அந்தத் தண்ணீரின் நிறம் புதிதில்லை. காகிதம் செய்கிற காகஸிகளின் பட்டறைகளும் இருக்கின்றன. துணி வெட்டும்போது விழும் கந்தலை ஊறவைத்து அரைத்துக் காகிதமாக்குகிறார்கள். வெயிலில் காயும் தாள்களைத் தாண்டி நண்பரின் அச்சுக்கூடத்துக்குப் போனோம்.

வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நின்றார். ஐம்பது வயசிருக்கும். மீசையில் நரை. என்னிடம் ஒரு நீளமான பேரேட்டை நீட்டி, பேர், ஊர், உள்ளே போகிற நேரம் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். தமிழில் போட்டேன். உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இந்தியில் ஏதோ எழுதிக்கொண்டார்.

“மதராஸின்னு எழுதுதாரு” என்றார் நண்பர். “ஒரு ஆளு விடமாட்டாரு. மொதலாளி நானே கையெழுத்துப் போடாம உள்ள போவ முடியாது.”

பன்னிரண்டு வருஷம் தினமும் பலமுறை தன்னை எண்ணக் கொடுத்த மனிதர் இப்போது ஊரை எண்ணிக்கொண்டிருக்கிறார். நிலத்தகராறில் சித்தப்பா மகன் செத்தான், ஆயுள் தண்டனை. இதை அவரே, கூச்சமோ வீராப்போ இல்லாமல், டீ குடிக்கும்போது சொன்னார். மண்குவளையில் இஞ்சி டீ. உள்ளே மேசைகளில் அச்சுக்கட்டை விழும் சத்தம் தப்பு தப்பென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உத்தரப்பிரதேசத்தில் அமைச்சராகவும் முதல்வராகவும் இருந்த சம்பூர்ணானந்த், அங்கே கைதிகளை அணைக்கட்டு வேலைக்குச் சுவரில்லாத முகாம்களில் தங்கவைத்துப் பார்த்தவர். ராஜஸ்தானுக்கு ஆளுநராக வந்தபோது 1963-இல் சாங்கானேர் முகாம் தொடங்கியது. அவர் பெயர்தான் அதற்கு. 1972-இல் மாநிலம் தனி விதிகள் எழுதியது. தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவர், நடத்தை சரியாக இருந்தால், வரலாம். வந்தால் குடும்பத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். பகலில் வேலைக்குப் போகலாம். ஆனால் சர்க்கார் சோறு போடாது. வேலையை அவரவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். காலையும் மாலையும் ஹாஜிரிக்கு, நம் ஊர் வார்த்தையில் ஆஜருக்கு, வந்து நிற்க வேண்டும். ஏறக்குறைய நானூறு பேர் இப்படி இருக்கிறார்கள். குடும்பங்களையும் சேர்த்தால் ஒரு கிராமம்.

சோறு போடாது என்பதை முதலில் கேட்டபோது இதென்ன ஈவிரக்கமில்லாத வேலை என்று நினைத்தேன். வாச்மேனிடம் கேட்டேன். அவர் சொன்னதை நண்பர் தமிழாக்கிக்கொண்டே வந்தார்.

“பெரிய ஜெயில்ல மணியடிச்சா ரொட்டி வரும். பன்னெண்டு வருஷம் ரொட்டி எங்கேருந்து வருதுன்னு யோசிக்கவே இல்லையாம். இங்க வந்த மொத வாரம் சந்தைக்குப் போயிருக்காரு. வெங்காயம் வெலையைக் கேட்டுட்டு, ஏமாத்துதான்னு கடைக்காரன்கூடச் சண்டைக்குப் போயிட்டாராம். அவரு உள்ள போனப்ப இருந்த வெலைதான் மனசுல இருந்திருக்கு.”

இன்னொன்றும் சொன்னார். வந்த புதிதில் விடிகாலையில் எழுந்து கதவுக்குமுன் நின்றுகொண்டே இருப்பாராம். யாராவது வந்து திறக்க வேண்டும். மனைவி, “என்ன நிக்கிறீங்க, தாழ்ப்பாள் நம்ம பக்கந்தானே இருக்கு” என்று எழுந்து வந்து திறப்பாராம். ஒரு மாதம் அப்படி. இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டு, டீ எப்படி என்று கேட்டார்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வரச் சொன்னார். முகாமுக்குள் போவதற்குச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். ஒரு வாசல், ஒரு சின்ன அலுவலகம், அதற்கப்பால் தெருக்கள். செங்கலும் தகரமுமாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாத வீடுகள். அவரவர் கைக்காசைப் போட்டு நீட்டியும் உயர்த்தியும் கட்டிக்கொண்டவை. மாடு ஒன்று கட்டிக் கிடந்தது. அங்கன்வாடியிலிருந்து பிள்ளைகளின் கூச்சல். வழியெல்லாம் நான் பார்த்தது பூட்டுகளை. பகல் நேரம், ஆட்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்கு வீடு வெளியே பூட்டு தொங்கியது. ஒன்று பித்தளை, ஒன்று சீனாக்காரன் பூட்டு, ஒன்று கயிற்றால் கட்டிய கதவில் ஒப்புக்கு மாட்டியது. ஜெயிலில் பூட்டு உண்டு என்று யாருக்கும் தெரியும். கைதி பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போகிற ஜெயிலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கம்பு ரொட்டி சுட்டுப் போட்டார். வெண்ணெய், பூண்டுச் சட்னி, புளித்த மோரில் செய்த கடி, ஒரு கட்டி வெல்லம். கம்பை நாங்கள் கூழாகக் காய்ச்சிக் குடித்தவர்கள் என்று சொன்னேன். ரொட்டியாகச் சுடத் தெரியாதா என்று அந்த அம்மாள் பரிதாபப்பட்டார்.

சாப்பாடு முடிந்த பிறகு பேச்சு அவர் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு வருஷம் ஒற்றை ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். மாமனார் வீட்டில் அடிமைபோலக் கிடந்து, பிறகு பிறந்தவீட்டுக்கு வந்து, களையெடுத்துச் சம்பாதித்தவர். முகாமுக்கு வந்த முதல் ஆறு மாதம் தினமும் சண்டை என்றார். புருஷன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், மறுக்கவில்லை.

“நான் எந்த முடிவு எடுத்தாலும் இவர் ஏன் எதுக்குன்னு கேக்காரு. கேக்க இவரு யாருன்னு எனக்குத் தோணுது. மகன் இவரை அப்பான்னு கூப்பிட ஒரு வருஷம் ஆச்சு. ஜெயில்ல மனு போட்டுப் பாத்துப் பாத்து, கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கறவர்னுதான் அவனுக்குத் தெரியும்.” நண்பர் மொழிபெயர்ப்பில் கடையநல்லூர் வாடை அடித்தாலும் அந்த அம்மாளின் எரிச்சல் அப்படியே வந்து சேர்ந்தது.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். விடுதலைக்குத் தயார்ப்படுத்துவது என்று அதிகாரிகள் பேசும்போது தையல் சொல்லிக் கொடுத்தோம், கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்தோம், யோகா சொல்லிக் கொடுத்தோம் என்பார்கள். சான்றிதழ் கொடுத்துப் படம் எடுப்பார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் பெண்டாட்டியோடு சண்டை போட்டு, மறுநாள் அதே முகத்தைப் பார்த்து, கரண்டு பில்லுக்கு யார் பணம் கட்டுவது என்று பேசி முடிக்க எந்தச் சான்றிதழ் இருக்கிறது? இந்த வீட்டுச் சுவரில் ஆணியடித்துப் பில்களைக் குத்தி வைத்திருந்தார்கள். மேலே இருந்ததை வாச்மேன் எடுத்துக் காட்டினார். போன மாதத்தைவிட அதிகம், ஹீட்டர் போட்டது மகன்தான் என்று குற்றப்பத்திரிகை வாசித்தார். மனைவி, குளிர் அப்படி, என்றார். விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும்போல இருந்தது. நாங்கள் எழுந்துகொண்டோம்.

தெருவில் இன்னொரு வீட்டு வாசலில் ஒரு பெண் தையல் மிஷினில் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். அவரும் கைதி. தனியாக வந்தவர், குடும்பம் கைவிட்டுவிட்டது. சாங்கானேரில் கைதியும் கைதியும் கல்யாணம் செய்துகொண்ட கதைகள் உண்டு. நண்பர் சாடையாகக் கேட்டதற்கு அவர், “ஒரு தடவை கட்டினது போதும்” என்று நூலைப் பல்லால் கடித்தார்.

ஐந்தரை மணி வாக்கில் தெரு நிறையத் தொடங்கியது. ஆட்டோ ஓட்டுகிறவர், கொத்து வேலைக்குப் போனவர், சாயப்பட்டறைக்காரர், கையில் காய்கறிப் பையோடு ஒருவர், ஸ்கூட்டரில் ஒருவர். ஹாஜிரி எடுப்பது பந்தி பஞ்சாயத்து, அதாவது கைதிகளின் பஞ்சாயத்து. பேர் வாசிக்க வாசிக்க ‘ஹாஜிர்’ என்ற குரல்கள். தள்ளி நின்று பார்த்தோம். எங்கள் வாச்மேன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஸ்வெட்டர் மாட்டியிருந்தார். அவர் பேர் வந்தபோது சொன்ன ‘ஹாஜிர்’, பகலில் எங்களிடம் பேசிய குரல் இல்லை. முதுகு நிமிர்ந்து, கை தொடையோடு ஒட்டி, பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் தொண்டையில் வந்து நின்றது. குடித்துவிட்டு வருகிறவன், நேரம் தவறுகிறவன், அடிதடி செய்கிறவன் எல்லோரையும் பஞ்சாயத்து முதலில் விசாரிக்கும். மிஞ்சிப்போனால் பழைய ஜெயிலுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயம் ஒன்றே பத்து வார்டர்களுக்குச் சமம் என்றார் ஒரு பஞ்சாயத்துக்காரர்.

வார்டர்கள் என்றதும் ஒரு கணக்கு. ராஜஸ்தானின் திறந்தவெளிச் சிறைகளைச் சுற்றி ஆராய்ந்து ஸ்மிதா சக்ரவர்த்தி 2017-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். மூடிய சிறையில் ஆறு கைதிக்கு ஒரு ஊழியர் தேவைப்பட்டால், இங்கே எண்பது கைதிக்கு ஒருவர் போதும் என்றது அது. செலவோ பல மடங்கு குறைவு. பணத்தைச் சேமிக்க வேறெதையும் செய்யத் தயாராக இருக்கிற அரசாங்கங்கள் இதை மட்டும் ஏன் செய்யத் தயங்குகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. விளங்குகிறது என்றும் சொல்லலாம். கொலை செய்தவனை வீட்டில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்று ஒரு மேடையில் ஒருவர் பேசினால் போதும்.

பறிகொடுத்தவர்கள் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. அந்தச் சித்தப்பா வீட்டில் போய் உட்கார்ந்து கம்பு ரொட்டி சாப்பிட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ என்னவோ. வாச்மேனும் ஊர்ப்பக்கம் போவதில்லை. விடுதலையானாலும் போகமாட்டாராம். “அங்க போனா அவங்க கொல்லணும், இல்ல நான் பயந்து சாகணும்” என்றார். பிறகு எங்கே? இங்கேயே பக்கத்தில் ஒரு வாடகை வீடு. சாங்கானேரில் தண்டனை முடிந்தும் போக மனசில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்களை வெளியேற்றுவதே அதிகாரிகளுக்குத் தலைவலி என்று கேள்விப்பட்டிருந்தேன். வந்து பார்த்தால் அதில் வேடிக்கை ஏதுமில்லை. வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, மளிகைக்கடைக் கணக்கு இங்கே. எழுந்து எங்கே போவார்கள்?

இந்த நிலத்துக்கும் ஆசைப்பட்டவர்கள் உண்டு. விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மனை விலை அப்படி. 2024 மே மாதம், திறந்தவெளிச் சிறைகளின் பரப்பைக் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன சில மாதத்துக்குள்ளேயே இதில் ஒரு பகுதியை ஆஸ்பத்திரி கட்ட ஒதுக்க, விவகாரம் மறுபடி டெல்லிக்குப் போனது. ஆஸ்பத்திரி வேண்டாமென்று யார் சொல்ல முடியும்? அதனால்தான் ஆஸ்பத்திரியைக் கேட்டிருப்பார்கள் என்றார் நண்பர். அவர் வியாபாரி. அவருக்கு இந்தச் சூட்சுமம் எல்லாம் உடனே பிடிபடும்.

எனக்கு வேறொரு உறுத்தல். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். தண்டனையே கிடைக்காதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எதைக் கணக்கிடுவது? சாங்கானேருக்கு வர ஒருவன் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்க வேண்டும். ஜாமீனுக்குப் பணமில்லாமல் நான்கு வருஷம் உள்ளே கிடந்து, ஒருநாள் சாயங்காலம் வழக்கு தள்ளுபடியாகிப் பையோடு வாசலில் விடப்படுகிறவனுக்கு வெங்காய விலையை யாரும் சொல்லித் தருவதில்லை.

மறுநாள் கிளம்பும்போது வாச்மேன் அச்சுக்கூட வாசல்வரை வந்தார். என் பை உள்ளே இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் பேரேட்டை நீட்டினார். வெளியே போகிற நேரம் எழுதவில்லையாம்.

புழல்

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து செங்குன்றம் போகிற வேலை இருந்தது. வழியில் புழல் சிறையின் பெட்ரோல் பங்க். 2023-இல் திறந்தது, பெண் கைதிகள் வேலை பார்க்கிறார்கள். இதற்குமுன் நான்கைந்து தடவை அந்த வழியே போயிருக்கிறேன். வண்டியைத் திருப்பியதில்லை. தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். கோவை சிங்காநல்லூரில், காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பில் திறந்தவெளிச் சிறைகள் இருக்கின்றன. விவசாயம் நடக்கிறது. சிறை பஜாரில் பிரெட்டும் செக்கெண்ணெயும் வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அங்கேயெல்லாம் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடித்தனம் கிடையாது.

நீலச் சேலைமேல் சட்டை போட்ட அம்மாள் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். தலையை எண்ணெய் வைத்து இழுத்து வாரியிருந்தார்.

“எவ்வளவுக்கு சார்?”

“முந்நூறுக்குப் போடுங்கம்மா.”

“ஜீரோ பாத்துக்கோங்க.”

பார்த்தேன். போட்டு முடித்து ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மீதி இரண்டு நூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தார். எத்தனை மணிவரைக்கும் வேலை என்று கேட்டேன். சாயங்காலம் வண்டி வந்து கூட்டிப் போகும் என்றார். தூரத்தில் சுவர் தெரிந்தது. அதற்குள் கணக்கெடுத்துப் பூட்டுவார்கள்.

வேறு ஏதோ கேட்க வாயெடுத்தேன். பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க சார்” என்றார் அந்த அம்மாள்.